தோற்ற கட்சித் தலைவரை மதிப்பிடுதல்: பிரித்தானியப் பொதுத் தேர்தல்கள்

பிரித்தானியப் பொதுத் தேர்தலில் தோற்ற கட்சியின் தலைவர் நன்றாகச் செயல்பட்டாரா, மோசமாகச் செயல்பட்டாரா என்று தீர்மானிப்பதற்கு முறையான விதி எதுவும் இல்லை. எனினும் தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் கட்சியும் பத்திரிகைகளும் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றன. தலைவர் பதவியில் நீடிப்பதும் விலகுவதும் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைப் பொறுத்தவை. அத்தீர்ப்பு எவ்வளவு தவறாக அமையலாம் என்பதற்குத் தொழிற் கட்சியின் இரு தோல்விகள் நல்ல எடுத்துக்காட்டு: 1992இல் நீல் கின்னொக், 2017இல் ஜெரமி கோர்பின்.

எதிர்பார்ப்பு என்னும் அளவுகோல்

1992 ஏப்ரல் 9 அன்று நடந்த தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்புகள் பலவும் தொழிற் கட்சி சற்று முன்னணியில் இருப்பதாகவோ, போட்டி சமநிலையில் இருப்பதாகவோ காட்டின. முடிவில் ஜான் மேஜர் தலைமையிலான பழமைவாதக் கட்சி 336 இடங்களையும் தொழிற் கட்சி 271 இடங்களையும் பெற்றன. வெற்றி கைக்கு எட்டி நழுவியதாகவே கட்சியினர் கருதினர். நான்கு நாட்களில் கின்னொக் பதவி விலகுவதாக அறிவித்தார்.

2017இல் நிலைமை நேர்மாறாக இருந்தது. பிரதமர் தெரசா மே திடீர்த் தேர்தலை அறிவித்தபோது கருத்துக்கணிப்புகளில் அவரது கட்சி ஏறத்தாழ 20 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. கோர்பினின் மீது அவரது சொந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே முந்தைய ஆண்டில் 172க்கு 40 என்ற கணக்கில் நம்பிக்கையின்மை தெரிவித்திருந்தனர். சூன் 8 அன்று பழமைவாதக் கட்சி பெரும்பான்மையை இழந்து 317 இடங்களில் நின்றது. தொழிற் கட்சி 262 இடங்களைப் பெற்றது. தோற்றவர் வென்றவரைப் போல வரவேற்கப்பட்டார். அம்மாத இறுதியில் கிளாஸ்டன்பரி இசை விழாவிலும் பெருங்கூட்டம் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது.

இனி எண்களைப் பார்க்கலாம். 1987க்கும் 1992க்கும் இடையே தொழிற் கட்சியின் வாக்கு விகிதம் 30.8இலிருந்து 34.4 ஆக உயர்ந்தது. பழமைவாதக் கட்சியின் விகிதம் 42.2இலிருந்து 41.9 ஆகச் சற்றுக் குறைந்தது. 2015க்கும் 2017க்கும் இடையே தொழிற் கட்சி 30.4இலிருந்து 40.0க்கு உயர்ந்தது. இது மிகப் பெரிய ஏற்றம்தான். ஆனால் பழமைவாதக் கட்சியும் சுமார் 37இலிருந்து 42க்கு மேல் உயர்ந்தது. ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சியின் வாக்குகள் கரைந்தது இதற்கு முக்கியக் காரணம். எனவே இரு பெரிய கட்சிகளுக்கும் இடையிலான இடைவெளி இரண்டு தேர்தல்களிலும் ஏறத்தாழ 4 புள்ளிகளே குறைந்தது. பிரித்தானியத் தேர்தல் ஆய்வாளர்கள் 'சுவிங்' என்று அழைக்கும் வாக்கு நகர்வு இதில் பாதி. அதாவது இரு தடவையும் சுமார் 2 புள்ளிகள். கூடுதலாகக் கிடைத்த இடங்களில் கின்னொக்கின் 42, கோர்பினின் 30ஐ விட அதிகம்.

ஒரே அளவு முன்னேற்றத்துக்கு ஒருவர் வீட்டுக்குப் போனார், மற்றவர் கொண்டாடப்பட்டார். வேறுபாடு பெரிதும் கருத்துக்கணிப்புகள் ஏற்படுத்திய எதிர்பார்ப்பில்தான் இருந்தது. எதிராளியின் பெரும்பான்மையைப் பறித்தது கோர்பினுக்குரிய உண்மையான சாதனை. அதை மறுக்க முடியாது. ஆனால் மேயின் கையிலிருந்த பெரும்பான்மை மிகச் சிறியது. கின்னொக் எதிர்கொண்டதோ 102.

தொடக்க நிலை

கின்னொக் 1983இல் பொறுப்பேற்றபோது கட்சி 27.6 விழுக்காடு வாக்குகளையே பெற்றிருந்தது. சமூக சனநாயகக் கட்சி - லிபரல் கூட்டணி 25.4 விழுக்காட்டுடன் அருகில் வந்துவிட்டது. தொழிற் கட்சி மூன்றாம் இடத்துக்குச் சரியலாம் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. மிலிட்டன்ட் குழுவினரை வெளியேற்றியதும், ஒருதலைப்பட்ச அணு ஆயுதக் களைவுக் கொள்கையைக் கைவிட்டதும் இந்நிலையிலிருந்து மீள அவர் எடுத்த நடவடிக்கைகள். எதிர்க்கட்சியின் பெரும்பான்மை 144இலிருந்து 102 ஆகவும், பின்னர் 21 ஆகவும் சுருங்கியது. இரண்டு தேர்தல்களில் தோற்றவர் என்ற ஒற்றை வரியில் இது எதுவும் தெரியாது.

கோர்பினின் தொடக்க நிலையில் ஸ்காட்லாந்தைக் கவனிக்க வேண்டும். 2010இல் கோர்டன் பிரவுன் 29 விழுக்காடு வாக்குகளுடன் 258 இடங்களைப் பெற்றார். அவற்றில் 41 ஸ்காட்லாந்தில் கிடைத்தவை. 2015இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலையில் அங்கே ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, 2017இல் ஏழு. 40 விழுக்காடு வாக்குகள் பெற்றும் பிரவுனை விட நான்கு இடங்களே கூடுதலாகக் கிடைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தச் சரிவை கோர்பினின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மொத்த வாக்குகள்

2019இல் கோர்பின் தலைமையில் கட்சி ஏறத்தாழ 1.03 கோடி வாக்குகளைப் பெற்றது. 2005இல் டோனி பிளேர் வென்றபோது கிடைத்தவை சுமார் 96 இலட்சம். 2024இல் கீர் ஸ்டார்மர் வென்றபோது சுமார் 97 இலட்சம். இதைக் கொண்டு கோர்பின் உண்மையில் தோற்கவில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. இவ்வாதம் பலவீனமானது. வாக்களிப்பு வீதம் 2019இல் 67 விழுக்காடு; மற்ற இரு தேர்தல்களிலும் சுமார் 60 விழுக்காடுதான். மேலும் ஒரு தொகுதியில் யார் முதலிடம் என்பதே முக்கியமான முறையில், எதிராளி எத்தனை வாக்குகள் பெற்றார் என்பதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க இயலாது. 2019இல் பழமைவாதக் கட்சி 43.6 விழுக்காட்டுடன் 365 இடங்களைப் பெற்றது; தொழிற் கட்சிக்குக் கிடைத்த 202 இடங்கள் 1935க்குப் பின் மிகக் குறைவானவை.

இத்தோல்விக்கு பிரெக்சிட் காரணமா, தலைவர் காரணமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. இரண்டாவது வாக்கெடுப்பு நடத்துவதாக அளித்த வாக்குறுதி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக விரும்பிய தொகுதிகளில் கட்சியைப் பாதித்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் அறிகுறிகள் அதற்கு முன்பே தென்பட்டன. 2017இன் கொண்டாட்டத்தில், கென்சிங்டனை 20 வாக்குகளில் வென்றதும் கான்டர்பரியைக் கைப்பற்றியதும் பேசப்பட்டன. அதே இரவில், 1923 முதல் தொழிற் கட்சியிடம் இருந்த முன்னாள் சுரங்கத் தொகுதியான மான்ஸ்ஃபீல்ட் பழமைவாதக் கட்சிக்குப் போனது. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் தெற்கும் போனது. 2019இல் போல்சோவரும், பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும் அதே வழியில் சென்றன. மான்ஸ்ஃபீல்ட் மீண்டும் தொழிற் கட்சியிடம் வந்தது 2024இல்தான்.