ரயிலில் ஒரு நாள்: காற்பந்தின் வேர்களைத் தேடி

காற்பந்தின் வரலாறு கோப்பைகளில் மட்டுமல்ல, பழைய திடல்களிலும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், விவரமறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் வந்தால், அதை ரயிலேறி ஒரே நாளில் கண்டுவிடலாம்.

முதலில் இறங்க வேண்டிய நிலையம் பார்ட்டிக். அருகிலுள்ள கிரிக்கெட் திடலில்தான் 1872 நவம்பர் 30ஆம் நாள் முதல் அதிகாரபூர்வ அனைத்துலகக் காற்பந்து ஆட்டம் நடைபெற்றது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கோலின்றிச் சமநிலை கண்டன. ஸ்காட்லாந்தின் 11 ஆட்டக்காரர்களும் குவீன்ஸ் பார்க் குழுவினர். தனியொருவர் பந்தை உருட்டிச் செல்வதே வழக்கமாயிருந்த காலத்தில், சக ஆட்டக்காரருக்குத் தட்டிக் கொடுத்து ஆடும் முறையை வளர்த்தவர்கள் இவர்களே.

பிறகு சென்ட்ரல் நிலையத்தில் வண்டி மாறித் தெற்கே கிராஸ்ஹில் செல்ல வேண்டும். 1873இல் இக்குழு குடியேறிய முதல் ஹேம்டன் பார்க் அவ்வட்டாரத்தில்தான் இருந்தது. புதிய ரயில்பாதைக்காக அத்திடலைக் கைவிட நேர்ந்தது. இன்று பயணிகளை அங்கு கொண்டு சேர்ப்பதும் அதே பாதைதான்!

சற்று நடந்தால் கேத்கின் பார்க். 1904இல் லீக் பட்டம் வென்ற தர்ட் லானார்க் குழுவின் திடல் அது. 1967இல் குழு மூடப்பட்டது. பார்வையாளர் படிகள் மட்டும் மரங்களுக்கிடையே எஞ்சியுள்ளன.

நிறைவாக, இன்றைய ஹேம்டன் பார்க். 1937இல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்தை 1 லட்சத்து 49 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்த அரங்கம் இது. இங்குள்ள அருங்காட்சியகம் கோப்பைகளைக் காக்கிறது. மறைந்துபோன குழுவின் படிகளை யார் காப்பது? தேடிவந்து பார்ப்பவர்களின் நினைவுதான்.