மூன்று பஸ்கள், ஒரு சுவர்

ஏழாயிரம்பண்ணையில் எந்தச் சுவரும் சும்மா கிடப்பதில்லை. தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, மூலையில் தங்கள் பெயரைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதில் சிமெண்டும் வேட்டியும். இந்தச் சுவர்களில் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். பிளெக்ஸ் வந்து பாதி வேலையைக் கொண்டுபோய்விட்டது. பட்டாசு ஆபீஸ் வாசலில் எச்சரிக்கை வாசகம் எழுத மட்டும் இன்றும் ஆள் அனுப்புகிறார்கள்.

இத்தனை சுவர்களில் ஒன்றிலாவது இந்த மண்ணின் ஜனங்கள் தங்கள் உரிமைக்காகப் பட்ட பாடு இருக்க வேண்டாமா? அப்படி வரைந்து காட்டிய ஊர்கள் உலகத்தில் உண்டு.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெள்ள நீர் ஓடும் கான்கிரீட் கால்வாய் ஒன்றின் பக்கச் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓவியம் நிற்கிறது. ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கி, 1983 வரை ஐந்து கோடைகளில் அதை முடித்தார். தூரிகை பிடித்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்ட இளவட்டங்கள். போலீஸ் வழக்கில் சிக்கிய பிள்ளைகளும் அதில் உண்டு. கூலி கொடுத்து, வரலாறும் சொல்லிக்கொடுத்து வரைய வைத்தார் அந்த அம்மா. பாடப்புத்தகம் விட்டுவிட்ட செவ்விந்தியர், மெக்சிகோக்காரர், கறுப்பர், ஜப்பானியர் கதைகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. 1955-இல் மாண்ட்கோமரி நகரத்து பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸும் இருக்கிறார்.

அந்த பஸ் உலகத்துக்கே தெரியும். அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால் நம் ஜில்லாவில் ஓடிய பஸ்ஸின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது நாம் ராமநாதபுரம் ஜில்லா. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்தான். அன்றைய மோட்டார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பஸ்காரர்கள் வழிக்கு வந்தார்கள். சென்னைப் பாண்டி பஜாருக்கு அந்தப் பெயர் வந்தது இவரால்தான்.

அவர் பிறந்த நாடார் சமூகத்துக்கே கோயில் வாசல் அடைத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்றது. இடையில் 1899-இல் சிவகாசியில் அவர்களுக்கு எதிராகக் கலவரம். அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்; காமராஜர் படித்தது அங்கேதான். தனக்கு அடைத்த கதவை நினைவில் வைத்து அடுத்தவனுக்குக் கதவு திறந்த மனிதர் சௌந்தரபாண்டியனார். நான் வரைய நினைக்கும் முதல் படம் அந்த பஸ். பக்கத்தில் மாண்ட்கோமரி பஸ்.

மூன்றாவது, தீப்பெட்டி ஆபீஸ் பஸ். அந்தக் காலத்தில் கிழக்கு வெளுக்கும் முன்னே தெருமுனையில் ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். நானும் அதில் போய்க் குச்சி அடுக்கியவன். சிவகாசி வட்டாரத்தில் பிள்ளைகள் பட்ட இந்தப் பாட்டை எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை' என்று இன்று ஆபீஸ் வாசல்களில் நான் எழுதும் வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அந்தச் சுவரில் கொஞ்சம் இடம் காலியாகவும் விட வேண்டும். 2021 பிப்ரவரி 12-இல் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்புவதும் உரிமைதான். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வேலை முறை கஷ்டமில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். அடிச்சுவர் பூத்துப் பொரிந்துவிடும். தரையிலிருந்து இரண்டடி விட்டு, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் இரண்டு கை அடித்து, வெளிப்புற எமல்ஷனில் வரைய வேண்டும். தாளில் போட்ட படத்தின் மேல் கட்டம் கட்டி, சுவரில் நூல் அடித்து அதே கட்டங்களைப் பெரிதாக்கினால், கட்டத்துக்கு ஒரு பிள்ளை வரையலாம். கோடு போடவே வராத பிள்ளைக்கும் அதில் வேலை உண்டு.

கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. யாரை வரைவது, எந்தச் சம்பவத்தை எப்படிக் காட்டுவது என்பதை ஓவியன் ஒருத்தன் முடிவு பண்ணக்கூடாது. 1899-ஐ அடிதடியாக வரைந்தால் பழைய பகை கிளம்பும். பிடி அரிசிப் பானையாக வரைந்தால் எல்லாத் தெருவுக்கும் பெருமை. அந்தப் பேச்சு எல்லாத் தெருக்காரர்களும் உட்கார்ந்து, முகம் பார்த்து, பெயிண்ட் டப்பா திறக்கும் முன்னே நடந்து முடிய வேண்டும். எதிரே குடியிருப்பவர்கள் சம்மதித்த சுவரைத்தான் யாரும் கிறுக்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் போதும். பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, கோடை லீவில் வரைந்துவிடலாம். அதற்கு முன் பிள்ளைகள் நோட்டும் கையுமாகப் பெரியவர்களிடம் போக வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய பாட்டிமாரும், அப்பா ஏற முடியாமல் நின்ற பஸ்ஸைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தாத்தாக்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். மங்கிய பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அடித்துக்கொள்ளலாம். அவர்களிடம் கேட்டு எழுதுவதை மட்டும் தள்ளிப்போட முடியாது. இந்த வருஷமே தொடங்க வேண்டும்.