வில்லேந்திய நோயாளர்

நோயுற்றவர் அசையாது கிடத்தலே நலம் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் பெரும் வைத்தியர்களும் அவ்வாறே எண்ணினர். முள்ளந்தண்டு முறிந்து இடுப்பின் கீழ் உணர்விழந்த போர்வீரரைச் சாந்துக் கட்டினுள் கிடத்திவிடுவர். படுக்கைப் புண்ணும் சிறுநீர் வழியே பரவும் கிருமியும் அவர்களைச் சிறுகச் சிறுக அரித்துக் கொல்லும்.

இங்கிலாந்திலே ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில், 1944ஆம் ஆண்டு முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடக்கிய லுட்விக் குட்மன் இதனை ஏற்றாரல்லர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939இல் ஜேர்மனியை நீங்கி வந்த யூதர் அவர். இரண்டு மணிக்கொரு முறை, நள்ளிரவிலும், நோயாளரைப் புரட்டிக் கிடத்தச் செய்தார். புண்கள் ஆறின. ஆனால் வாழும் ஆசை வற்றிய மனத்துக்கு மருந்து யாது?

ஒரு நாள், சக்கர நாற்காலியில் இருந்த சிலர் கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்து, தரையில் வட்டொன்றை அடித்து விளையாடக் கண்டார். தாமும் ஒரு நாற்காலியில் ஏறி அவர்களுடன் சேர்ந்துகொண்டார்! தேகப் பயிற்சியென்றால் சலிப்படைபவரும், போட்டியென்றால் தம்மை மறந்து கைவீசுவர் அன்றோ?

வில்வித்தையை அவர் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. முதுகின் இரு பக்கத்தும் அகன்று விரிந்து, இடுப்பெலும்புவரை இறங்கும் பெருந்தசைக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. ஆதலால் மார்பளவில் முள்ளந்தண்டு முறிந்தவர்க்கும் அத்தசை வலுவிழப்பதில்லை. நாணை இழுக்கும்தோறும் அது உரம் பெறும். சாயாமல் நிமிர்ந்திருக்க அதுவே துணை. அன்றியும், இலக்கின் முன்னே, நடப்பவரோடு நடக்கவியலாதவர் சமமாக நின்று போட்டியிடலாம். மன மகிழ்ச்சிக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், வைத்தியசாலைப் புல்வெளியில் 16 பேர் வில்லேந்தினர். அவருள் இருவர் பெண்கள். பின்னர் 1960இல் உரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 பேர் கூடினர். இன்று பராலிம்பிக் எனப்படும் விழாக்களுள் முதலாவது அதுவே.

அங்கு வந்தவருள் மார்கரெட் மோன் என்னும் ஆசிரியையும் ஒருவர். முந்திய ஆண்டு ஆபிரிக்காவில் நேர்ந்த வீதி விபத்தில் கால்கள் செயலிழந்து, குட்மனின் வைத்தியசாலைக்கு வந்தவர் அவர். வில்வித்தையில் தாம் வென்றதை அறியாது பஸ் வண்டியில் ஏறிவிட்டார். பதக்கம் சூட்டுவதற்கு அவரைத் தேடிப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. 2012இல் இலண்டன் பராலிம்பிக் விழாவின் தீபத்தை ஏற்றி வைத்தவரும் இவரே. அப்போது அவருக்கு வயது 84.