கோவை-சென்னை 400 கி.மீ. தான்... பிளைட்டுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் ஆவது ஏன்?

பொள்ளாச்சி: கோவையில் இருந்து சென்னைக்கு ஆகாய வழியில் அளந்தால் சுமார் 400 கி.மீ. தான். ஏர்பஸ் விமானம் உயரத்தில் போய்விட்டால் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி அரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்கிற மாதிரி போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போச்சு?

டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டும் இல்லை. கோவையில் நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்ததில் இருந்து, சென்னையில் போய் நிற்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் உள்ள விமானம் கிளம்பும்வரை காத்திருப்பது, சென்னையில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டம் அடிப்பது எல்லாம் இதில் அடக்கம். லேட் என்ற பெயர் வரக்கூடாது என்று கம்பெனிகள் சில நிமிடங்களை கூடுதலாகவே சேர்த்து வைப்பதும் உண்டு.

100 கி.மீ. தேறினால் பெரிசு

மேலே போன பிறகும் முழு தூரத்துக்கும் அந்த வேகம் கிடையாது. 10 ஆயிரம் அடிக்கு கீழே மணிக்கு சுமார் 460 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 30 ஆயிரம் அடியில் இருந்து பதமாக இறங்க 160 கி.மீ. தூரமாவது வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு. 400ல் இதை கழித்தால் முழு வேகத்தில் போவது 100 கி.மீ. தேறினால் பெரிசு.

பெங்களூர் 250 கி.மீ. தான் என்றாலும் டிக்கெட்டில் ஏறக்குறைய 1 மணி நேரம் போடுவது இதனால்தான்.

பொள்ளாச்சிக்காரர் கணக்கு

பொள்ளாச்சியில் இருந்து கிளம்புகிறவருக்கு வானத்தை விட ரோடுதான் தலைவலி. பெரும்பாலான கம்பெனிகள் விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுகின்றன. அதற்கு பிறகு லக்கேஜோடு போய் நின்று கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி அம்போ!

காலை 10 மணி விமானம் என்றால் எட்டரைக்கு பீளமேட்டில் இருப்பது நல்லது. கிணத்துக்கடவு, ஈச்சனாரி, உக்கடம் வழியாக காரில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டிலும், உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீள ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டதால் காரில் போகிறவர்களுக்கு சிக்னல் தொல்லை குறைந்திருக்கிறது. பஸ்சில் போகிறவர் உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, சித்ரா ஸ்டாப்பில் இறங்க வேண்டும். ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று போகிற டவுன் பஸ்சுக்கு மேம்பாலத்தால் என்ன லாபம்? இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டை விட்டு கிளம்புவதுதான் வழி.

ஆக காலை ஆறரைக்கு காரில் கிளம்பினவர் சென்னை ஏர்போர்ட் வாசலுக்கு வர பதினொன்றே முக்கால் ஆகிவிடும். ஐந்தேகால் மணி நேர பயணத்தில் பறப்பது 1 மணி நேரம்தான்.

2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் கோவையில் இருந்து சென்னைக்கு சுமார் 6 மணி நேரத்தில் போகிறது. விடிகாலை 4 மணிக்கே பொள்ளாச்சியை விட்டு கிளம்ப முடிந்தால் மதியத்துக்குள் சென்னை. பாலக்காட்டில் இருந்து பொள்ளாச்சி, பழனி வழியாக வரும் எக்ஸ்பிரசில் மாலையில் ஏறினால் மறுநாள் சென்டிரலில் இறங்கலாம். கோவைக்கு அலைய வேண்டியதே இல்லை.