குடும்பக் குடியேற்ற விசாவில் காத்திருப்புக் காலம்: சட்டக் கணக்கும் குடும்பக் கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியுரிமை பெற்ற ஒருவர் இந்தியாவில் வாழும் தம் உடன்பிறந்தாருக்காகச் செய்யும் மனு, விசாவாகக் கனிய ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகின்றன. இந்நெடுங்காலம் எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதன் வெவ்வேறு பகுதிகளைச் சட்டம் எவ்வாறு வெவ்வேறாக நடத்துகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அலுவலகத் தாமதத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கும் சட்டம், எண்ணுக்கான காத்திருப்பைக் கழிப்பதில்லை. இதன் விளைவாகப் பெற்றோர் குடியேறப் பிள்ளை மட்டும் ஊரில் தங்கும் நிலை தோன்றுகிறது. விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி வட்டாரத்துக் குடும்பமொன்றின் கற்பனை நிலையும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: குடும்பக் குடியேற்றம், முன்னுரிமைத் தேதி, நாட்டு உச்சவரம்பு, வயது கடத்தல், உறவுமுறை, தாயகம் திரும்பியோர்.

முன்னுரை

அயல்நாட்டில் உடன்பிறந்தாரைக் கொண்ட தமிழ்க் குடும்பங்களில் ‘மனு போட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை’ என்னும் பேச்சு பல்லாண்டுகள் தொடர்வதுண்டு. கேட்பவர் இதனை அலுவலக மெத்தனம் என்று கொள்வர். உண்மையில் இக்காத்திருப்பின் மிகப் பெரும்பகுதி மெத்தனத்தால் விளைவதன்று. சட்டம் வகுத்த ஒதுக்கீட்டால் விளைவது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புலம்பெயர்வு பற்றி எழுதப்படுவனவற்றில், காத்திருப்பு என்பது ஒரே தன்மையுடைய வெற்றுக்காலமாகவே காட்டப்படுகிறது. அது மூன்று படிகளைக் கொண்டது என்பதும், ஒவ்வொரு படியும் குடும்பத்தை வெவ்வேறு வகையில் பாதிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒதுக்கீட்டின் அமைப்பு

1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்க்கு ஆண்டொன்றுக்கு 100 குடியேற்ற இடங்களையே வழங்கியது. 1965ஆம் ஆண்டின் ஹார்ட்–செல்லர் சட்டம் பழைய நாட்டின ஒதுக்கீட்டை நீக்கிக் குடும்ப உறவையும் தொழில்திறனையும் அடிப்படையாக்கியது. இன்று நடைமுறையிலுள்ள எண்ணிக்கைகளை 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வரையறுத்தது.

இச்சட்டத்தின்படி குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத மணமாகாத மக்கள், பெற்றோர் ஆகியோர் ‘நேரடி உறவினர்’ எனப்படுவர். இவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆவணங்களைச் சரிபார்க்கும் காலமே இவர்களின் காத்திருப்பு. ஏனையோர் நான்கு முன்னுரிமை வகைகளில் அடங்குவர். குடியுரிமை பெற்றவரின் மணமாகாத வயதுவந்த மக்களுக்கு 23,400; நிரந்தர வசிப்புரிமை பெற்றவரின் துணைவர்க்கும் மணமாகாத மக்களுக்கும் 1,14,200; குடியுரிமை பெற்றவரின் மணமான மக்களுக்கு 23,400; அவர்தம் உடன்பிறந்தாருக்கு 65,000 என்பது ஆண்டு ஒதுக்கீடு. இவற்றின் கூட்டுத்தொகை 2,26,000.

இதன்மேல் நாட்டு உச்சவரம்பு ஒன்றும் உண்டு. குடும்ப, தொழில் வகைகள் இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவரும் 7 விழுக்காட்டிற்கு மேல் பெறலாகாது. குறைந்த அளவாகிய 3,66,000 இடங்களில் இது 25,620 ஆகும். மக்கள்தொகை மிகுந்த இந்தியாவிற்கும் சிறிய தீவு நாட்டிற்கும் வரம்பு ஒன்றே.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். உடன்பிறந்தார் வகையின் 65,000 இடங்களிலும் 7 விழுக்காட்டையே இந்தியர்க்கு உரியதாகக் கொண்டால் 4,550 இடங்கள் கிடைக்கும். உள்ளபடியான ஒதுக்கீடு ஆண்டுதோறும் மாறக்கூடியது. ஆயினும் அளவை உணர இது போதும். உடன்பிறந்தவரோடு அவர்தம் துணைவரும் 21 வயது நிரம்பாத மக்களும் தனித்தனி எண்ணாகவே கணக்கிடப்படுவர். எனவே கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் நான்கு எண்களை எடுத்துக்கொள்கிறது. 4,550 இடங்கள் என்பவை ஏறத்தாழ 1,137 குடும்பங்களே. ஆண்டுதோறும் இதனினும் மிகுதியான குடும்பங்களுக்கு மனுச் செய்யப்படுமாயின், வரிசை நீளுவதைத் தவிர வேறு வழியில்லை.

காத்திருப்பின் மூன்று படிகள்

முதற்படி மனுப் பரிசீலனை. குடியுரிமை பெற்றவர் ஐ-130 என்னும் மனுவை அளிக்கும் நாளே ‘முன்னுரிமைத் தேதி’ எனப்படும். வரிசையில் குடும்பத்தின் இடம் அந்நாளாலேயே குறிக்கப்படும். மனு ஏற்கப்படுவதால் விசா உரிமை தோன்றுவதில்லை. உறவு மெய்யானது என்பது மட்டுமே உறுதியாகிறது.

இரண்டாம் படி எண்ணுக்கான காத்திருப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கை, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எல்லைத் தேதியைக் குறிப்பிடும். அதற்கு முற்பட்ட முன்னுரிமைத் தேதி உடையவர்க்கே எண் கிடைக்கும். 2024ஆம் ஆண்டின் அறிக்கைகளில் இந்திய உடன்பிறந்தார்க்கான எல்லைத் தேதி 2005இன் இறுதிக்கும் 2006இன் தொடக்கத்திற்கும் இடையில் இருந்தது. பெரும்பாலான பிற நாடுகளுக்கு அது 2007ஆம் ஆண்டினதாக இருந்தது.

இங்கு ஒரு தவறான புரிதலைக் களைதல் வேண்டும். இன்று எண் பெறுபவர் 18 ஆண்டுகள் காத்தார் என்பதனால், இன்று மனுச் செய்பவரும் 18 ஆண்டுகளே காக்க வேண்டும் என்று பொருளாகாது. எல்லைத் தேதி மாதத்திற்கு ஒரு மாதம் என நகர்வதில்லை. இந்தியர்க்கான இத்தேதி 2022ஆம் ஆண்டில் மாதக்கணக்கில் 15 செப்டம்பர் 2005இலேயே நின்றது. சில வேளைகளில் அது பின்னோக்கிச் செல்வதும் உண்டு.

மூன்றாம் படி ஆவணச் சரிபார்ப்பும் நேர்காணலும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையம் ஆவணங்களைத் திரட்டியபின், தூதரகத்தில் நேர்காணல் நடைபெறும். மனுச் செய்தவர், வருவோரைத் தாங்கும் வருவாய் தமக்கு உண்டு என உறுதியளிக்க வேண்டும். வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு என்பது பொதுவான அளவு.

வயது கடத்தல்: இரு காத்திருப்புகள், இரு கணக்குகள்

மனுச் செய்யும் நாளில் குழந்தையாக இருந்த ஒருவர், எண் கிடைக்கும் நாளில் 21 வயதைக் கடந்திருக்கலாம். அவ்வாறு கடந்தால் பெற்றோரின் மனுவில் அவர்க்கு இடமில்லை. இக்கொடுமையைக் குறைக்க 2002ஆம் ஆண்டில் குழந்தைத் தகுதிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்குள்ள வயதிலிருந்து, மனு பரிசீலனையில் இருந்த காலம் கழிக்கப்படும். எஞ்சுவது 21க்குக் குறைவாக இருந்து, ஓராண்டிற்குள் விசா பெற முயற்சியும் செய்யப்பட்டால் பிள்ளை தகுதி பெறும்.

ஆகவே முதற்படிக் காத்திருப்பு கழிக்கப்படுகிறது. இரண்டாம் படிக் காத்திருப்பு கழிக்கப்படுவதில்லை. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

எம். புதுப்பட்டியில் வாழும் ஒரு பெண்ணுக்காக அவர்தம் அண்ணன் 2005 அக்டோபரில் மனுச் செய்தார் எனக் கொள்வோம். பெண்ணின் மகன் 2002 சனவரியில் பிறந்தவன். அப்போது அவனுக்கு வயது மூன்றே முக்கால். 2024 சனவரியில் எண் கிடைக்கிறது. மகனுக்கு வயது 22. மனு இரண்டாண்டுகள் பரிசீலனையில் கிடந்திருந்தால் அவனது சட்ட வயது 20, தாயுடன் செல்லலாம். ஆறே மாதத்தில் மனு ஏற்கப்பட்டிருந்தால் சட்ட வயது இருபத்தொன்றரை, செல்ல இயலாது. விரைந்து செயற்பட்ட அலுவலகம் குடும்பத்தைப் பிரிக்கிறது. தாமதித்த அலுவலகம் சேர்க்கிறது. மனு விரைவில் ஏற்கப்பட்டதை எண்ணி 2006இல் மகிழ்ந்த குடும்பத்திற்கு, அதன் விலை 18 ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும்.

இவ்வாறு விடுபட்ட பிள்ளைகள் பெற்றோரின் பழைய முன்னுரிமைத் தேதியையேனும் தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்னும் வினா அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. சியலாபா எதிர் குவேயார் தெ ஓசோரியோ வழக்கில் 2014 சூன் மாதம் வழங்கப்பட்ட தீர்ப்பு, உடன்பிறந்தார் வகையிலும் மணமான மக்கள் வகையிலும் இவ்வாறு வயது கடந்தோர்க்கு அவ்வுரிமை இல்லை என்ற அரசின் விளக்கத்தை ஏற்றது. எனவே தாய் குடியேறியபின் மகனுக்காகப் புதிய மனுச் செய்ய வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றோரின் வயதுவந்த மக்கள் வகையிலும் 2024ஆம் ஆண்டு நிலவரப்படி காத்திருப்பு எட்டாண்டுகளுக்கு மேற்பட்டது. தாய் குடியுரிமை பெறுமுன் மகன் மணம் செய்துகொண்டால் அம்மனு செல்லாததாகிவிடும். நிரந்தர வசிப்புரிமை பெற்றோரின் மணமான மக்களுக்கு வகையே இல்லை. இருபத்திரண்டு வயது மகனுக்கோ மகளுக்கோ மணம் பேசும் பருவத்தில், மணத்தைத் தள்ளிவைப்பதா, விசாவைக் கைவிடுவதா என்னும் வினாவைச் சட்டம் அக்குடும்பத்தின் முன் வைக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் சென்று பார்த்து வருவதும் எளிதன்று. சுற்றுலா விசா கேட்பவர் தமக்குக் குடியேறும் நோக்கமில்லை என மெய்ப்பிக்க வேண்டும். நிலுவையிலுள்ள குடியேற்ற மனு அதற்கு எதிர்ச்சான்றாகக் கொள்ளப்படலாம். மேலும், மனுச் செய்த அண்ணன் இடையில் இறந்துவிட்டால் மனு தானாகவே நீங்கும். மனிதநேய அடிப்படையில் அதனை மீட்பது அதிகாரிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டது. ஐம்பது வயதில் மனுச் செய்பவர்க்கு எண் வரும்போது வயது அறுபத்தெட்டு ஆகியிருக்கும் என்பதை நோக்க, இது அரிய நிகழ்வன்று.

உறவுமுறையும் ஆவணமும்

சட்டத்தின் ‘குடும்பம்’ தமிழ் உறவுமுறையின் குடும்பம் அன்று. பெரியப்பாவின் மகனும் பெரியம்மாவின் மகனும் தமிழில் அண்ணன் முறையினரே. திராவிட உறவுமுறை பற்றித் தாமஸ் டிரவுட்மன் செய்த ஆய்வு (1981), பங்காளி முறையும் மாமன் முறையும் இச்சொற்களிலேயே வேறுபடுத்தப்படுவதை விளக்குகிறது. அமெரிக்கச் சட்டமோ பெற்றோருள் ஒருவரையேனும் பொதுவாகக் கொண்டவரையே உடன்பிறந்தாராக ஏற்கும். தாய்மாமன் மனுச் செய்ய இயலாது. அவர் தம் தங்கைக்குச் செய்த மனுவின் நிழலில்தான் மருமகன் செல்ல முடியும். அந்நிழலும் 21 வயதோடு நீங்குகிறது.

உறவை மெய்ப்பிக்கும் ஆவணங்களிலும் வட்டார வரலாறு குறுக்கிடுகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. வீட்டிலேயே பிறந்து பதிவு செய்யப்படாதோர்க்குப் பதிவின்மைச் சான்றும் பள்ளிச் சான்று போன்ற துணை ஆவணங்களும் தேவைப்படும். சிவகாசிப் பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் காமராசர் மாவட்டமாகி, 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. எனவே ஒரே ஊரில் பிறந்த அண்ணன், தங்கை, தங்கை மகன் ஆகியோரின் சான்றுகளில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருத்தல் கூடும். இம்மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து வ. புதுப்பட்டி என்னும் ஊரும் உண்டு. தலைப்பெழுத்தை விடுத்து ‘புதுப்பட்டி’ என்று மட்டும் எழுதப்பட்ட பழைய சான்று எவ்வூரைக் குறிக்கிறது என்னும் ஐயம் எழலாம். ஆட்பெயரின் தலைப்பெழுத்தும் இவ்வாறே. தந்தையின் பெயர் ஒரு சான்றில் தலைப்பெழுத்தாகவும், கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக விரிந்தும், மணமான பெண்ணுக்குக் கணவன் பெயராக மாறியும் வரும்போது, மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என விளக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர்மேல் விழுகிறது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம்: ஓர் ஒப்பீடு

குடும்பங்கள் எண்ணாகிக் காத்திருந்தமை தமிழர்க்குப் புதிதன்று. 30 அக்டோபர் 1964 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றோராக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 15 ஆண்டுகளில் முடியத் திட்டமிட்ட பணி முடியவில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து நின்றபோதும் காத்திருந்தோர் இருந்தனர்.

அவ்வொப்பந்தம் மக்களின் விருப்பத்தைக் கேளாமல் அவர்களைப் பங்கிட்டது என்னும் குற்றச்சாட்டு நியாயமானது. எனினும் ஒரு கூறில் அது இன்றைய விசா முறையினின்றும் வேறுபடுகிறது. 5,25,000 என்னும் எண்ணிக்கையை அது ‘இயற்கைப் பெருக்கத்துடன்’ சேர்த்தே வரையறுத்தது. காத்திருக்கும் காலத்தில் பிறக்கும் குழந்தைகள் பெற்றோருடன் எண்ணப்பட்டனர். காலம் கடக்கும், அக்காலத்தில் குடும்பம் வளரும் என்பதை அவ்வொப்பந்தம் கணக்கில் கொண்டது. அமெரிக்க விசா முறையிலும் காத்திருக்கையில் பிறக்கும் குழந்தைக்கு இடமுண்டு. ஆனால் காத்திருக்கையில் வளர்ந்துவிட்ட குழந்தைக்கு இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. குடும்ப விசாவின் நெடுங்காத்திருப்பு முதன்மையாக எண்ணிக்கை வரம்பாலும் நாட்டு உச்சவரம்பாலும் விளைவது. அலுவலர் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் அது குறையாது. நிர்வாகத் தாமதத்தை ஈடுசெய்யும் சட்டம், ஒதுக்கீட்டால் விளையும் தாமதத்தை ஈடுசெய்யாமையால், நீண்ட வரிசையுடைய நாடுகளின் பிள்ளைகளே மிகுதியாக வயது கடக்கின்றனர். நாட்டு உச்சவரம்பு சொல்லளவில் எல்லோர்க்கும் சமம், விளைவில் அவ்வாறன்று. முன்னுரிமைத் தேதியைப் பரிசீலனைக் காலத்துடன் சேர்த்து வயதைக் கணக்கிடுவது, அதாவது மனுச் செய்த நாளின் வயதையே கொள்வது, புதிய விசா எதனையும் கூட்டாமலே பிள்ளைகள் பிரிவதைத் தடுக்கும் எளிய திருத்தமாகும்.

தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வுகள் சென்றவர்களையே பெரிதும் ஆராய்ந்துள்ளன. மனுச் செய்யப்பட்டும் செல்லாதவர்கள், வயது கடந்து ஊரில் தங்கிய பிள்ளைகள், விசாவுக்காக மணத்தைத் தள்ளிவைத்தவர்கள் ஆகியோரின் வாழ்வும் குடும்ப வரலாறுகளாகத் தொகுக்கப்பட வேண்டும். அத்தொகுப்பில் மனுச் செய்த நாள், ஏற்கப்பட்ட நாள், எண் கிடைத்த நாள் ஆகிய மூன்றும் தனித்தனியே பதிவு செய்யப்படின், எந்தத் தாமதம் எந்தக் குடும்பத்தைப் பிரித்தது என்பதைச் சான்றுடன் காட்ட இயலும்.