லைன்மேன் பயிற்சி: சிக்கனமான வழி எது?

கிணற்றடியில் ஏற்றமும் கமலையும் ஓய்ந்து, பம்பு செட்டுகள் ஓடத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆயின. 1957ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்த பின்னர், மின்கம்பிகள் ஊருக்கு ஊர் நீண்டன. அவற்றைப் பேணிப் பழுது நீக்குவோர் லைன்மேன்கள். புயலுக்கு மறுநாள் நாம் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பதும் அவர்களுக்காகவே. நம் இளைஞர்கள் இத்தொழிலில் நாட்டம் கொள்வது இயல்பேயாகும்.

ஆனால், சில மாதப் பயிற்சியும் கையோடு வேலையும் தருவதாகச் சொல்வோரை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. குறைந்த செலவில் நிறைந்த பயிற்சி பெறும் வழியை இங்கே கூற விரும்புகிறோம்.

அரசினர் பயிற்சி நிலையங்கள்

முதலில் நாட வேண்டியது அரசினர் தொழிற்பயிற்சி நிலையமே. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் வயர்மேன் பிரிவிலும், பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எலெக்ட்ரீஷியன் பிரிவிலும் சேரலாம். இரண்டும் ஈராண்டுப் பயிற்சிகள். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித் தொகையுடன் சீருடை, பாடநூல், மிதிவண்டி, பஸ் பாஸ் ஆகியவையும் கிடைக்கின்றன. பெண்களும் சேரலாம்.

பயிற்சி முடித்தபின், 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித் தொகை பெற்றுக்கொண்டே வேலை பழகவும் வழியுண்டு.

சான்றிதழின் மதிப்பு

தனியார் நிலையத்தில் சேர்வதாயின், தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 2025இல் மின் பகிர்மானக் கழகத்தின் 1,794 கள உதவியாளர் இடங்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பம் கோரியபோது, இத்தகைய சான்றிதழே தகுதியாகக் கேட்கப்பட்டது. அரசு வேலை அறிவிப்பின் வழியும் தேர்வின் வழியுமே கிடைக்கும். அதனை வாங்கித் தருவதாக எந்த நிலையமும் வாக்களிக்க இயலாது.

உயிர் காக்கும் பாடம்

பயிற்சி நிலையத்தை நேரில் சென்று பார்ப்பது அவசியம். வளாகத்தில் ஏறிப் பழகுவதற்குக் கம்பம் நிற்கிறதா? இடுப்புக் கயிறு, தலைக்கவசம், ரப்பர்க் கையுறை, எர்த் ராடு ஆகியவற்றை மாணவர்கள் கையாளுகிறார்களா? லைன் கிளியர் பெறுதல், சுவிட்சைத் திறந்து பூட்டுதல், மின்னோட்டம் இல்லை எனச் சோதித்தல், வேலை நடக்கும் இடத்திற்கு இருபுறமும் எர்த் செய்தல் என்ற வரிசை மனத்தில் பதியும்வரை கற்பிக்கப்படுகிறதா?

இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில் ஒரு விவசாயி, முறையான மாற்றுச் சுவிட்சு இல்லாமல், ஜெனரேட்டரைத் தம் மின் இணைப்பிலேயே பொருத்திவிடுகிறார் என்று கொள்வோம். அம்மின்சாரம் கம்பி வழியே திரும்பிச் சென்று, டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். சுவிட்சைத் திறந்ததே போதுமென்று கம்பத்தில் ஏறியவரின் உயிர் அந்நொடியே போய்விடும். எர்த் செய்தவரோ பிழைப்பார். சில வாரங்களில், கரும்பலகையில் மட்டும் கற்கும் பாடம் இப்பழக்கத்தைத் தராது.

பஞ்சாயத்தின் கடமை

கட்டணத்தை மட்டும் பார்த்துச் செலவைக் கணக்கிடலாகாது. தங்குமிடம், பிரயாணம், இழக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, கிடைக்கும் உதவித் தொகையைக் கழித்துப் பார்க்க வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மே முதல் நாள் கிராம சபையிலேயே இவ்விவரங்களை எடுத்துரைத்து, மாவட்ட நிலையத்தின் சேர்க்கை நாட்களை அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால், ஏழைக் குடும்பங்கள் கடன் வலையில் விழாமல் தப்பும். நன்கு பயின்ற ஒருவர் ஊரில் இருப்பது அவர் குடும்பத்திற்கும் ஊருக்கும் ஒருங்கே காப்பாகும்.