ஆனியில் அவிழ்த்த கிடா

தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. நிவர், 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. மாண்டஸ், 2022 டிசம்பர் 9 இரவு. ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. இந்த நான்கு தேதிகளிலிருந்தும் 150 நாளைக் கழித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 2, ஜூன் 28, ஜூலை 12, ஜூலை 3 என்று வரும். நான்குமே ஆனி, ஆடி. மரக்காணம் வட்டாரத்தில் செம்மறிப் பெட்டைகள் பருவத்துக்கு வந்து கிடாவோடு சேர்வதும் பெரும்பாலும் அதே ஆனி, ஆடியில்தான். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

‘மழைக்காலத்தில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளைக் காப்பது எப்படி?’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். காப்பதற்கான வழியெல்லாம் இருக்கிறது, கீழே வரும். ஆனால் கார்த்திகையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிய பிறகு சாக்கும் சணலும் தேடுவதைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாக ஆர்வமில்லை. இந்தக் கடலோரத்தில் ஈற்றுக் காலம் என்பது ஆனியில் கிடாவை அவிழ்த்துவிடும் அன்றே முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஏன் ஆனி? சித்திரை, வைகாசியில் வேலிகாத்தான் காய் பழுத்து உதிரும். உப்பளக் கரைகளிலும், பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இந்தப் பக்கத்துப் புறம்போக்குகளிலும் அந்த மரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊரே திட்டுகிற மரம்தான். ஆனால் இனிப்புக் காய். ஆடுகள் ஓடி ஓடிப் பொறுக்கும். கோடையில் எலும்பு தெரிந்த ஆடு அதைத் தின்று உடம்பு தேறும். பின்னாலேயே தென்மேற்குப் பருவத்தின் சாயங்கால மழை இரண்டு மூன்று பெய்து புல் தலைகாட்டும். பெரிய பண்ணைகளில் சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து கூடுதல் தீனி வைத்துப் பெட்டையைத் தயார் செய்வார்கள். இங்கே அந்த வேலையை வேலிகாத்தான் இனாமாகச் செய்து தருகிறது. தேறிய பெட்டைக்குப் பருவம் வருகிறது, கிடாவோ பக்கத்திலேயே மேய்கிறது.

இந்தப் பக்கத்து ஆடு மெட்ராஸ் சிவப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் வட்டாரங்களின் நாட்டினம். கம்பளி கிடையாது, வெறும் முடி. கறிக்காக வளர்க்கிற ஆடு. வெயிலைத் தாங்கப் பிறந்த உடம்பு. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, பிறக்கும்போது இரண்டரை கிலோ சுற்றி இருக்கும். ஒரு குட்டி போனால் அந்த ஈற்றே போன மாதிரி. இருபது ஆடு வைத்திருப்பவருக்கு நான்கைந்து குட்டி தவறிப்போனால் அந்த வருஷம் கையில் எதுவும் நிற்காது.

இங்கே பல வீடுகளில் ஆடும் உப்பும் ஒன்றாகவே நடக்கின்றன. தை, மாசியில் பாத்தி மிதித்து உப்பளம் தொடங்கினால் புரட்டாசி வரை வேலை. ஐப்பசி பிறந்ததும் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு 5,000 எந்த மூலைக்கு? அப்போது கை கொடுப்பது ஆடுதான். பள்ளிக்கூடச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்கு ஒன்றை ஏற்றிவிடுவார்கள். அதே மூன்று மாதத்தில்தான் குட்டிகளும் பிறக்கின்றன, மேடு பள்ளம் தெரியாமல் தண்ணீரும் நிற்கிறது.

ஃபெஞ்சல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் முழுக்க ஏரியாயின. பக்கத்துக் கழுவெளி ஏரி நிறைந்தால் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டிய கழிமுகம் ஒன்றுதான். கடல் ஏறி நிற்கும்போது அதுவும் சட்டென்று வாங்காது. அந்தப் புயலுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. சினை ஆடு குட்டியைக் கலைத்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஈரத்தில் விறைத்து மூன்றாம் நாள் செத்த குட்டிக்குப் போட்டோ எடுத்து, சான்று வாங்கி, மனுப் போட்டு அலைய யாருக்கும் மனமில்லை. புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

குட்டி எப்படி விறைக்கிறது? கந்தாடு பக்கம் இருபது ஆடு வைத்திருக்கும் ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் காட்டினார். பனிக்குடம் உடைந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிட வேண்டும். முன்னங்கால் இரண்டும் முன்னே, அவற்றின் மேல் மூக்கு. அப்படி வந்தால் கை வைக்கவே வேண்டாம். விழுந்த குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்துத் தாயின் முகத்துக்கு நேரே போட வேண்டும். அது நக்கி நக்கியே காய வைக்கும். அப்படி நக்கும்போதுதான் வாசனை பிடித்துத் தன் குட்டியென்று தெரிந்துகொள்கிறது. மழை நாளில் கொட்டகையில் ஆடுகள் நெருக்கியடித்து நிற்கும்போது இது நடப்பதில்லை. குட்டி ஒரு பக்கம் உருண்டு போகும், வேறு ஆடு மிதிக்கும், சாரல் அடிக்கும். பிறந்த குட்டியின் உடம்பில் இருக்கிற கொழுப்பு சில மணி நேரச் சூட்டுக்குத்தான் வரும். அதற்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் நடுக்கம் எடுக்கும், பிறகு நடுக்கமும் நின்றுவிடும்.

“வாயில வெரல வுட்டுப் பாரு தம்பி. வெதுவெதுன்னு இருந்தா பயமில்ல. சில்லுன்னு இருந்தா பால ஊத்தாத, மொதல்ல சூடு காட்டு. தலை தூக்காத குட்டிக்குப் பால ஊத்துனா பொரைக்கேறி அதாலயே செத்துப்பூடும்.”

கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதேதான். குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். காய்ந்த சாக்கால் அழுத்தித் துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, தலை தூக்கிய பிறகு தாயின் சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். முதல் நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை கிலோக் குட்டிக்குக் கால் லிட்டர். முதல் பால் கெட்ட பால் என்று கீழே பீய்ச்சிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொப்புள்கொடியை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி அயோடினில் நனைக்காவிட்டால் ஈரத் தரையின் கிருமி அது வழியாக ஏறி, இரண்டு வாரத்தில் முட்டி வீங்கி நொண்டும். குண்டு பல்பு போட்டுச் சூடு கொடுக்கலாம் என்று கையேடுகளில் இருக்கிறது. புயல் ராத்திரியில் இந்தப் பக்கம் கரண்டு இருக்கும் என்று நம்பி எழுதியவர் யாரோ!

இதர ஏற்பாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சினையின் கடைசி 45 நாளில்தான் குட்டி பெரும்பகுதி வளர்கிறது. அப்போது மேய்ச்சலோடு தினம் கால் கிலோ அடர்தீவனம், காய்ந்த மல்லாட்டைக் கொடி ஒரு பிடி. துள்ளுமாரித் தடுப்பூசியை ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும். மழைக்கு முன்னால் குடற்புழு மருந்து. தாய்க்கும் குட்டிக்கும் நான்கடிக்கு நான்கடி தனித் தடுப்பு, தரையில் ஓர் அடி உயரத்துக்கு மேட்டு மணல். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் தாது உப்புக்கட்டி வாங்கித் தொங்கவிட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். கடல் உப்பில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் அந்த அளவுக்குக் கிடையாது.

இதையெல்லாம் தவறாமல் செய்தாலும் காலம் எதிராகவே நிற்கிறது. நீலநாக்கு நோயைப் பரப்பும் கொசு போன்ற சிறு பூச்சி, வடகிழக்கு மழையின் சேற்றில்தான் பெருகுகிறது. சினை ஆட்டுக்கு வந்தால் கரு கலையும். குளம்பு அழுகுவதும் இதே மாதங்களில்தான். மேய்ச்சலுக்குப் போக முடியாமல் இரண்டு மூன்று நாள் கொட்டகையில் பட்டினி கிடக்கும் நிறைசினை ஆடு, குட்டிக்காகத் தன் உடம்பையே கரைத்துக் கரைத்துக் கடைசியில் எழ முடியாமல் படுத்துவிடும்.

ஆகவே கிடாவுக்கே வருகிறேன். ஆனி பிறப்பதற்கு முன் கிடாவைப் பிரித்து, பெட்டைகளின் கண்ணிலும் மூக்கிலும் படாத தூரத்தில் கட்டிவிட்டு, ஆவணி நடுவில், செப்டம்பர் முதல் தேதி வாக்கில் விட்டால் ஈற்று ஜனவரி 29-ல் தொடங்கும். அதற்குள் புயல் பருவம் போயிருக்கும். சம்பா அறுவடை முடிந்து கழனிகள் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும். தாய்க்குப் பால் வற்றாது. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் கிடாவைக் காணாதிருந்த பெட்டைகள், திடீரென்று அது மந்தைக்குள் வந்ததும் கூட்டமாகப் பருவத்துக்கு வரும். 17 நாளுக்கு ஒரு சுற்று. மூன்று சுற்று, ஐம்பது நாள் கிடாவை விட்டு எடுத்துவிட்டால் போதும். குட்டிகளும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறக்கும், ராத்திரிக் காவல் காக்கிற நாளும் குறையும்.

கட்டிப்போட இடமில்லாதவர்களுக்கும் வழியிருக்கிறது. கென்யாவின் மசாய் இடையர்கள் கிடாவின் வயிற்றுக்குக் கீழே தோல் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கிடா ஏறும், காரியம் நடக்காது. வறட்சியில் குட்டி பிறக்காமலிருக்க அவர்கள் செய்வதை நாம் வெள்ளத்துக்காகச் செய்யலாம். யூரியா சாக்கைக் கிழித்துக் கட்டினால்கூடப் போதும். இதைச் சொன்னபோது கந்தாட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கிடாவுக்குக் கோமணமா! ஊர்ல என்னா பேசுவாங்க?”

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதில்தான் நிஜமான சிக்கல் இருந்தது. அவருடைய இருபது ஆட்டில் கிடாவே கிடையாது. ஐந்தாறு வீட்டு ஆடுகளை ஒன்றாக ஓட்டிப்போய் ஒருவர் மேய்க்கிறார். நூறு உருப்படிக்கு மேல். அதில் யார் யாருடையதோ கிடாக்கள். போதாததற்கு, பக்ரீத்துக்கு விற்க வைத்திருக்கும் இளங்கிடாக்கள். அவற்றை யாரும் காயடிப்பதில்லை. ஆறேழு மாதம் ஆனாலே அவை வேலையைக் காட்டிவிடும். கந்தாட்டு அம்மா ஒருவர் மட்டும் முடிவெடுத்து என்ன ஆகும்? சேர்க்கை பொதுவில் நடக்கிறது, குட்டி செத்தால் நட்டம் அவரவர் வீட்டில்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. தடுப்பூசி முகாம் நடக்கிறது, குடற்புழு மருந்து கிடைக்கிறது. 2011-ல் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று இலவசமாகவே கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒரு மந்தையின் கிடா எந்த மாதம் எங்கே நிற்க வேண்டும் என்று ஐந்தாறு வீட்டுக்காரர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பேச மட்டும் ஆளில்லை. அப்படி ஒரு கூட்டத்தைப் பற்றி நான் கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மறுப்பு இல்லாமல் இல்லை. மழைக்குப் பிறகு வரும் பச்சையில் தாய்க்குப் பால் சுரக்கும், மழை மூன்று மாதமும் உப்பள வேலை இல்லாததால் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்கும், தையில் பிறந்தால் விடியற்காலையிலேயே பாத்திக்குப் போகிறவர் குட்டியைப் பார்ப்பாரா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் முழங்கால் தண்ணீரில் நிற்கும் கொட்டகைக்கு அது பதிலாகாது.

கிடாக்களைப் பிரித்து வைக்கும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு பெட்டைக்கு நான்கு கிடா போதும். ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை எழுபத்தெட்டு நாள். கிடாவுக்குத் தினம் 300 கிராம் அடர்தீவனம் வைத்தால் நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 94 கிலோ. ஒரு பெட்டைக்கு ஒரு கிலோகூட விழாது. பசுந்தீவனத்துக்கு அகத்தியும் வேலிமசாலும் வரப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். அதே மந்தையில் இரண்டு கிடா வைத்திருக்கும் ஒருவர் முழுவதும் கேட்டார், தலையும் ஆட்டினார்.

“தீனிக் காசு கெடக்கட்டும் சார். ரெண்டரை மாசம் என் கிடா அவன் வூட்ல நிக்கறதா, இல்ல அவன் கிடா என் வூட்ல நிக்கறதா? அத மொதல்ல சொல்லுங்க.”